பதில்களை எடுத்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லதிகா டீச்சர் படிவக் கட்டோடு எங்கள் மேசைக்கு வந்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் பாலில்லாத சுலைமானி டீ ஒன்று ஊற்றிக்கொண்டு வந்தேன், குடிக்காமல் வைத்தேன், மறுபடி எழுந்தேன்.

"என்ன ஜிஸ்னா, நாற்காலியில முள்ளு இருக்கா?" என்றார் டீச்சர்.

"நாலு மணிக்குக் குடுக்கணும்ல டீச்சரே. அதான்."

கோழிக்கோட்டில் இந்தக் கல்லூரியில் வருஷா வருஷம் கேம் ஜாம் நடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தலைப்பைச் சொல்வார்கள். ஞாயிறு நாலு மணிக்குள் அந்தத் தலைப்பில் ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்துக் காட்ட வேண்டும். எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் பிறந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. பழையது எதையாவது கொண்டு வந்தால் குற்றமில்லை. ஆனால் டீச்சரின் படிவத்தில் எழுதிவிட வேண்டும். என்ன கொண்டு வந்தீர்கள், யார் செய்தது, செய்தவர் சம்மதித்தாரா. மறைத்தது பின்னால் தெரிந்தால் அணியையே தூக்கிவிடுவார்கள்.

எங்கள் அணியில் மூன்று பேர். நிரல் எழுதுகிற லினோஷ், படம் வரைகிற ரின்ஷா, வசனம் எழுதுகிற நான். லினோஷ் நாலு வருஷமாக ஒரே கதவைக் கொண்டு வருகிறான். கதவு திறந்து மூடுவதற்கு அவன் எப்போதோ எழுதிய நிரல் அது. ஒவ்வொரு வருஷமும் படிவத்தில் 'கதவு ஒன்று' என்று எழுதுவான், பக்கத்து மேசைக்காரர்கள், "கல்யாணத்துக்கும் அந்தக் கதவைத்தான் சீர் கொண்டு போவியா?" என்று கேட்பார்கள். இந்த வருஷமும் எழுதினான். டீச்சர் சிரித்துக்கொண்டே, "வேற பழசு எதுவும் இல்லையே? எழுத்து?" என்றார்.

"எழுத்து எல்லாம் ஜிஸ்னா சேச்சி நேத்து எழுதினது டீச்சர்," என்றாள் ரின்ஷா பெருமையாக. "படிச்சா அழுதுருவீங்க."

டீச்சர் படிவத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அடுத்த மேசைக்குப் போனார். நான் சுலைமானியை ஒரே மடக்கில் குடித்தேன். ஒரு வரிகூட நேற்று எழுதியது இல்லை.

இந்த வருஷத் தலைப்பு 'பூட்டிய வீடு'. நம் ஊரில் அதற்கென்ன பஞ்சம், தெருவுக்கு நாலு இருக்கிறது. எங்கள் விளையாட்டில் நீங்கள் ஆளில்லாத ஒரு பெரிய வீட்டுக்குள் அறை அறையாக நடப்பீர்கள். ஒவ்வோர் அறையிலும் அந்த வீட்டைக் கட்டியபோது ஒரு மனைவியும் வளைகுடாவில் இருந்த கணவனும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள் தோன்றும். யோசனை என்னுடையதுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருஷமாக நகைக்கடை விளம்பரம் எழுதுகிற கை. எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அது மணப்பெண்ணின் கழுத்தில் போய் முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரை அப்படியே. லினோஷ் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இந்த ஜாமில் முதலில் வருகிற அணியைக் கொச்சியில் ஒரு கம்பெனி வேலைக்கு அழைத்துப் பேசும். ரின்ஷா அதை நம்பித்தான் மூன்று நாள் லீவு போட்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. விவாகரத்தின்போது வக்கீல் கேட்டதற்காக எனக்கும் சனூப்புக்கும் இடையில் போன செய்திகளை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கி மெயிலில் வைத்திருந்தேன். வடகரையில் நாங்கள் வீடு கட்டிய மூன்று வருஷம் முழுதும் அதில் இருந்தது. அவன் ஷார்ஜாவில், நான் மணலுக்கும் கம்பிக்கும் நடுவில். வீட்டைப் பற்றியவையாக என்னுடையதில் அறுபது எடுத்தேன், அவனுடையதில் நாற்பத்தொன்று. பெயர்களை மாற்றினேன். 'எழுதிட்டேன்' என்று லினோஷிடம் கொடுத்தேன்.

எனக்கு அவனுடைய வரிகள் பெரிதாகத் தெரியவில்லை. ஒத்தை வரி மனுஷன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனோடு வாழ்வது சுவரோடு பேசுகிற மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மாயியிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் ரின்ஷா அந்த ஒத்தை வரிகளில்தான் மயங்கினாள். 'ஜன்னலைப் பெருசா வை. வந்தா உக்காந்து மழை பாக்கணும்' என்ற இடத்தில் நிறுத்தி, "சேச்சி, இத எழுதும்போது அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்," என்றேன். வெட்கம் என்பது என் அகராதியில் அன்றைக்கு இல்லை.

டீச்சரின் படிவம் அதைக் கொண்டு வந்து சேர்த்தது. யார் எழுதியது, சம்மதித்தாரா. பதினொன்றரை மணி வரை தாக்குப்பிடித்தேன். பிறகு இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

லினோஷ், "பழைய புருஷனோட பழைய எழுத்து. ரெண்டு பழசு," என்றான். "நான் ஒரு கதவக் கொண்டு வர்றதுக்கு நாலு வருஷமா பேச்சு வாங்குறேன். நீங்க ஒரு வீட்டையே கொண்டு வந்துட்டு கம்முனு இருந்திருக்கீங்க."

"உங்களோடதுன்னா எழுதிக் குடுத்துடலாம் சேச்சி," என்றாள் ரின்ஷா. அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. "எழுத்துக்கு மார்க் கிடைக்காது, அவ்வளவுதான். படமும் ஆட்டமும் நிக்கும். ஆனா அவரோடது?"

"கேக்கணும்," என்றான் லினோஷ். "இப்பவே கேளுங்க. அவரு வரி இல்லன்னா நமக்கு முடிவே இல்ல."

ஆறு வருஷமாக நான் அந்த எண்ணைக் கூப்பிட்டதில்லை. அழிக்கவும் இல்லை. 'ஒரு விஷயம் பேசணும்' என்று செய்தி அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான்.

"யாரு போயிட்டாங்க?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அங்கே ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு எதிர்பாராத போன் என்றால் சாவுதான்.

"யாரும் போகல. ஒரு வேலையாத்தான்," என்றேன். ஏட்டா என்று பழையபடி கூப்பிட வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். ஜாமைப் பற்றி, வீட்டைப் பற்றி, செய்திகளைப் பற்றிக் கடகடவென்று சொன்னேன். பேரை மாத்திட்டோம், யாருக்கும் தெரியாது, நாலு மணிக்குள்ள வேணும், ஒரு வார்த்தை சரின்னு போட்டாப் போதும்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"நீ எடுத்தத அனுப்பு. படிச்சுட்டுச் சொல்றேன்."

"நேரமில்ல."

"அனுப்பு ஜிஸ்னா."

அனுப்பினேன். அடுத்த முக்கால் மணி நேரம் நான் அந்தக் கல்லூரி வராந்தாவை எத்தனை தடவை அளந்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து அணிப் பையன்கள் பொதிச்சோறு பிரித்தார்கள். வாழையிலை வாசனை வந்தும் எனக்குப் பசிக்கவில்லை. அவன் படித்ததற்கான நீலக்கோடு விழுந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. இதோ, இதைத்தான் சொன்னேன், சுவர், என்று ரின்ஷாவிடம் பொரிந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. 'உன்னோடது உன்னோடது. என்ன வேணா செஞ்சுக்கோ. என்னோடது வேண்டாம்.'

நான் உடனே கூப்பிட்டேன்.

"ஏன்? அதுல என்ன ரகசியம் இருக்கு? ஜன்னல், படி, தொட்டி. அதுக்குப் போய் பிகு பண்ணுவாங்களா?"

"ரகசியம் எல்லாம் இல்ல."

"பின்ன என்ன? ரெண்டு பிள்ளைங்க இதை நம்பி உக்காந்திருக்கு. உங்களுக்கு எப்பவும் இதுதான், கடைசி நேரத்துல கால வாரி விடறது."

"அது உனக்கு எழுதினது," என்றான். "ஊருக்கு எழுதினது இல்ல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. கட் செய்தேன்.

"பாத்தீங்கள்ல, என்ன மனுஷன்," என்றேன் மேசைக்குத் திரும்பி. "சரி, போகட்டும். அவன் வரி எல்லாத்தையும் தூக்கு. பதில நானே புதுசா எழுதுறேன். மூணு மணி நேரம் இருக்கு."

"நாப்பத்தொண்ணையும் எழுத முடியாது சேச்சி," என்றான் லினோஷ். "எல்லாம் தேவைப்படாது. நான் நிரல்ல ஒரு பகுதிய உருவும்போது என்ன செய்வேன்? எடுத்துட்டு ஓட்டிப் பாப்பேன். எங்க உடையுதோ அங்க மட்டும் ஒட்டுப் போடுவேன். இதையும் அப்படிச் செய்வோம். அவரோடத மொத்தமா எடுக்கிறேன். ரின்ஷா உங்களோடத வரிசையா படிக்கட்டும். 'சரி நீங்க சொன்ன மாதிரியே', 'அப்படியா', 'ஏன்' அந்த மாதிரி எந்த வரி அந்தரத்துல தொங்குதோ அதுக்கு முன்னால மட்டும் ஒரு பதில் எழுதிச் சொருகுங்க."

நல்ல யோசனை. நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன், உடைகிற இடங்களை எண் போட்டுக் குறிக்க. ரின்ஷா படிக்க ஆரம்பித்தாள்.

"அஸ்திவாரம் முடிஞ்சுது. மேஸ்திரி நாளைக்கு வர மாட்டானாம்."

"அடுத்தது."

"கிணத்துல தண்ணி கலங்கலா இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன்."

"அடுத்தது."

"ஜன்னல் மரம் வந்துச்சு. தேக்கு இல்ல, அகாசியா."

"ஒட்டுது. அடுத்தது," என்றான் லினோஷ்.

இருபது தாண்டியது. என் தாளில் ஒன்றும் விழவில்லை. முப்பது தாண்டியது. லினோஷ், "பரவால்லயே," என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். நாற்பத்தாறாவதில் ரின்ஷா, "கிரே இல்ல, பிரௌன்தான். சொல்லிட்டேன்," என்று படித்தாள்.

"அது தொங்குது," என்றான் லினோஷ். "குறிச்சுக்கோங்க."

குறித்தேன். அறுபதும் முடிந்தது. மொத்தம் அந்த ஒன்றுதான். வாசல் கேட்டுக்கு அவன் ஒரு நிறம் சொல்லியிருக்கிறான், நான் முடியாது என்றிருக்கிறேன். அதைத் தவிர மூன்று வருஷத்தில் என்னுடைய ஒரு வரியும் அவனுடைய ஒரு வரியைத் தொட்டிருக்கவில்லை.

"சேச்சி, ஒரே ஒரு உடைப்பு," என்று லினோஷ் மேசையைத் தட்டினான். "அந்த வரியவும் தூக்கிட்டா எதுவுமே எழுத வேண்டாம். தப்பிச்சோம்." ரின்ஷா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு பேரும் குதிக்காத குறை.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண் மட்டும் எழுதியிருந்த வெள்ளைத் தாள். எடுத்தது அறுபதுதானே, வீட்டு விஷயமாகப் பார்த்துப் பொறுக்கியது, மற்றதில் பேசியிருப்பேன் என்று மனதுக்குள் வாதாடினேன். கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து முழுக் கோப்பையும் போனில் திறந்தேன்.

வேகமாகத்தான் தள்ளினேன். எனக்குச் சாதகமாக ஒன்றிரண்டு கிடைத்தால் போதும், இறங்கிப் போய்விடுவேன். 'மூணு நாளா காய்ச்சல், இப்ப தேவலை' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நான்: 'பாத்ரூம் டைல்ஸ் ரெண்டு மாடல் அனுப்பியிருக்கேன், எது?' அவன்: 'ரெண்டாவது.' 'இங்க வேலை போகும் போல இருக்கு' என்று ஒரு நாள். நான்: 'எலக்ட்ரீஷியன் நம்பர் அனுப்புங்க.' அனுப்பியிருக்கிறான். 'முனீர் செத்துட்டான். என் கட்டிலுக்கு மேல் கட்டில். ராத்திரி பேசிட்டுத்தான் படுத்தான்.' நாற்பது நிமிஷம் கழித்து நான்: 'சிமெண்ட் வந்துச்சு. முப்பது மூட்டை. ரெண்டு நனஞ்சிருக்கு.'

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மழையில் லாரி வந்து நின்றது, இறக்க ஆள் இல்லை, நான் தொப்பலாக நனைந்துகொண்டு தார்ப்பாய் இழுத்தேன். கல் மனசு எல்லாம் இல்லை எனக்கு. சாயங்காலம் போனைப் பார்த்திருப்பேன், கண் அந்த வரி மேல் போயிருக்கும், அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான். அப்படி அவ்வளவுதான் அவ்வளவுதான் என்று ஆயிரம் நாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் வரிகள் சின்னதாகிக்கொண்டே போனதைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு பார்த்தேன். முதல் வருஷம் நாலு வரி, ஐந்து வரி எழுதியிருக்கிறான். கடைசியில் 'சரி.' ஒத்தை வரி மனுஷனாக அவன் வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இறங்கி வந்த ஒரு பையன் பயந்து திரும்பி மேலேயே போய்விட்டான்.

கீழே வந்தபோது மூன்றே கால். ரின்ஷா சும்மா இருக்கவில்லை. என் செய்திகளுக்கு நடுவில் வெறுமையாக இருக்கிறது என்று, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூன்று புள்ளி துடிக்கிற மாதிரி வரைந்து சேர்த்திருந்தாள். எதிராளி ஏதோ எழுதத் தொடங்குகிற மாதிரி தெரியும், பிறகு புள்ளிகள் அணைந்துவிடும், பதில் வராது.

"எப்படி இருக்கு சேச்சி? அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் எழுத வந்து எழுதாமப் போயிடுறான். மனசு பிசையுதுல்ல?"

பிசைந்தது. "இது வேண்டாம் ரின்ஷா," என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இனி எதுவும் மாத்த முடியாது," என்றான் லினோஷ் திரும்பாமல். "கட்டி அனுப்ப அரை மணி நேரம் வேணும். இப்ப எதையாவது தொட்டீங்க, கதவு கூட திறக்காது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு பேரின் மூன்று நாள் உழைப்பு அது, என் பாவத்துக்கு அவர்கள் ஏன் கட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் 'அறுபது செய்திகள், பழையவை, எழுதியது ஜிஸ்னா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைத் தூக்கிவிட்டதால் அடித்து ஐம்பத்தொன்பது என்று மாற்றினேன். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லினோஷ் அனுப்பினான்.

நாலரைக்கு எல்லா மேசையிலும் ஆட்டம். நடுவர்கள், மற்ற அணிகள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் மேசையில் கூட்டம் கூடியது. ரின்ஷா வரைந்த வீடு அப்படி. லதிகா டீச்சரே உட்கார்ந்தார். அறை அறையாகப் போனார், ஒவ்வொரு செய்தியையும் மெல்ல வாய்விட்டுப் படித்தார், புள்ளிகள் துடித்தபோதெல்லாம் கையை விசையிலிருந்து எடுத்துக் காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடைசி அறையில், 'வீடு முடிஞ்சுது. எப்ப வர்றீங்க?' என்பது வந்தது. புள்ளிகள் வெகு நேரம் துடித்து அணைந்தன.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம் அந்தப் பொண்ணு. கல்லையும் மண்ணையும் ஒத்தையா கட்டி மாரடிச்சிருக்கு. அவன் என்ன ஜென்மம்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கல்ஃபுக்குப் போயிட்டா இப்படித்தான் டீச்சர்," என்றான் பின்னால் ஒருவன். "கண்டிப்பா அங்க வேற ஆள் இருந்திருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

இதே பேச்சை ஆறு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அம்மாயி சொல்வாள், அக்கம்பக்கம் சொல்லும். ஒவ்வொரு முறையும் நான் தலையைச் சாய்த்துக்கொண்டு, போகட்டும் விடுங்க என்று பெரிய மனசுக்காரி மாதிரி சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அந்தத் தலைசாய்ப்புக்காகக் காத்திருக்கிற மாதிரி. லினோஷ் கண்ணாலேயே, வேண்டாம் என்றான். நடுவர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு பதில் போட்டாரு டீச்சர்," என்றேன்.

"ஆட்டத்துல வரலையே?"

"வராது. எல்லாத்துக்கும் போட்டாரு. ஒண்ணு விடாம. கேக்காததையும் எழுதினாரு. அந்தப் புள்ளி பொய். இந்த ஆட்டம் பொய் சொல்லுது."

ரின்ஷா என் முழங்கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை, நிறுத்தவும் இல்லை. "அந்தப் பொண்ணு நான்தான். அவரு எழுதினத எடுத்துட்டுப் பாத்தோம், நான் எழுதினதுல ஒண்ணும் குறையல. அவ்வளவு லட்சணமா குடும்பம் நடத்தியிருக்கேன்."

நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடினார். டீச்சர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அதையும் போட்டிருக்கலாமே மோளே. கேட்டா குடுத்திருக்க மாட்டாரா?"

"கேட்டேன். மாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"ஏற்கெனவே ஒரு தடவை எனக்குக் குடுத்துட்டாரு, டீச்சர்."